தலைப்பெழுத்து

பக்கத்துக்கு நூற்றெண்பது ரூபாய்.
ஏதென்ஸ் பாடம் பதினோரு பக்கம்.
ஏழாவதில் அந்தச் சொல் வந்து குறுக்கே படுத்துக்கொண்டது:
யூபாட்ரிடை.

பாளையங்கோட்டையில் அக்கினி நட்சத்திரம்.
மின்விசிறி வெக்கையைக் கிண்டிக்கொண்டிருந்தது.
அகராதி சொன்னது,
நல்ல தகப்பன்மாருக்குப் பிறந்தவர்கள்.

அவ்வளவுதானாம்.
நல்லவர்களாக இருக்க வேண்டியதில்லை,
பிறந்தால் போதும்.
நிலம் அவர்களுக்கு, பூசை அவர்களுக்கு.
எழுதி வைக்காத சட்டம்
வெற்றிலைச் சாறு மாதிரி வாய்க்குள்ளேயே இருந்தது.
எப்போது துப்புவார்கள், யார் மேல்,
தெறித்த பிறகுதான் தெரியும்.

'நற்குடிப் பிறந்தோர்' என்று எழுதினேன்.
ஊற்றடி ஜமீன் வாசல் வந்து நின்றது,
காரைச் சிங்கம் இரண்டு,
ஒன்றுக்கு மூக்கில்லை.
அடித்தேன்.

'மேன்மக்கள்' என்று எழுதினேன்.
பரிவட்டத்துக்குக் குனிந்த ஒரு தலை வந்தது,
தைலம் மினுங்கும் நடுச்சொட்டை.
வருஷத்தில் ஒருநாள்தான் அது குனியும்,
அதுவும் வாங்குவதற்கு.
அதையும் அடித்தேன்.

பதவிக்கு வருகிறவனை அங்கே நிறுத்திக் கேட்பார்களாம்:
உன் தகப்பன் யார்?
அவனுக்குத் தகப்பன் யார்?
உன் குலதெய்வம் எங்கே இருக்கிறது?
படித்துவிட்டுச் சிரித்தேன்.
பங்குனி உத்திரத்துக்கு
ஊரே வேன் பிடித்து அவரவர் சாஸ்தாவைத் தேடிப் போகும் சீமை இது.
உங்களுக்கு எந்தச் சாஸ்தா என்று கேட்டால்
எந்தத் தகப்பன் என்று அர்த்தம்.
உத்திரத்தன்று நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு
வீட்டில் இருப்போம்.

அம்மா பேர் பேச்சித்தாய்.
அவர் பேர் குமாரசங்கிலித் துரை.
செவ்வாயும் வெள்ளியும் ஜீப் வரும்.
பூவுக்கு இரண்டு கோட்டை நெல் வரும்.
பேர் மட்டும் வரவில்லை.
பள்ளிக்கூடத்தில் ஞானசிகாமணி சார்
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.
"பே-ன்னு போடுங்க சார்" என்றாள் அம்மா.
மை காயுமுன் போட்டுவிட்டார்.
பே. உலகம்மை.
பேய் உலகம்மை என்றார்கள் பிள்ளைகள்
பத்தாம் வகுப்பு வரை.

போன மாசி மாதம் அவருடைய மகன் வந்தான்.
மூக்கு என் மூக்கு.
புளியந்தோப்பை விலை பேசியிருக்கிறதாம்,
வாங்குகிறவனின் வக்கீல் கறாரான ஆளாம்,
பின்னால் பாத்தியம் கேட்கக்கூடிய எல்லாரும்
கையெழுத்துப் போட வேண்டுமாம்.
"ஒரு நாள் சோலிதான்" என்றான்,
தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.
பத்திரத்தில் தட்டச்சாகி இருந்தது:
காலஞ்சென்ற குமாரசங்கிலித் துரை அவர்கள் குமாரத்தி உலகம்மை.
மூன்று தரம் வாசித்தேன்.
ஐம்பத்தாறு வயதில்,
முத்திரைத்தாளில்,
விட்டுக்கொடுப்பதற்காக மட்டும்
நான் நல்ல தகப்பனுக்குப் பிறந்தேன்.

சார்பதிவாளர் என் ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"இனிஷியல் இடிக்குதே, 'கு' எங்கே?"
அவன் என்னைப் பார்த்தான்.
வக்கீல் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தார்.
இன்னொரு நாள் வரச் சொன்னார்கள்.
நான் போகவில்லை.
தோப்பில் இந்த வருஷமும் புளி உலுக்கியிருப்பார்கள்,
யார் பேரில் என்று தெரியாது.

எட்டாம் பக்கத்தில் சோலோன் வருகிறார்.
வயலில் நட்ட கடன் கல்லைப் பிடுங்கிப் போடுகிறார்.
இனிமேல் பிறப்பு இல்லை, விளைச்சல்தான் கணக்கு:
ஐந்நூறு படிக்கு விளைந்தால் முதல் வகுப்பு.
படி என்பது அவர்கள் படி,
நம் மரக்காலில் பத்துக்கு மேல் வரும்.
பென்சிலை எடுத்துக் கோட்டைக்கு மாற்றிப் பார்த்தேன்.
அம்மா கடைசி வகுப்பில்
கடைசி ஆள்.
ஆனாலும் கணக்கில் வருகிறாள்.

ஏழாம் பக்கத்தில் இன்னும் காலியிடம்.
பதிப்பகத்திலிருந்து இரண்டு தடவை போன்.
"சும்மா பிரபுக்கள்னு போடுங்கம்மா, யாரு பார்க்கப் போறா?"
பரீட்சையில் ஒரு மதிப்பெண்ணாம்
அந்தச் சொல்லுக்கு.